பழைய ஜெர்மன் ரைஃபிள் வாங்கப் போகும் பெற்றோருக்கு

தாராவி, மாட்டுங்கா, செம்பூரில் ஏர் ரைஃபிள் சுடப் பழகும் பிள்ளைகளின் அப்பா அம்மாக்களுக்கு,



பிள்ளை ரேஞ்சுக்குப் போக ஆரம்பித்த சில மாதங்களில் வீட்டில் ஒரு பேச்சு எழும். கிளப் துப்பாக்கிக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது, சொந்தமாக ஒன்று இருந்தால் ஸ்கோர் ஏறும் என்று. புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது. பெயர் பெற்ற ஜெர்மன் ரைஃபிள் என்றால் அந்த ஊரிலேயே 2,000 யூரோவைத் தாண்டிவிடும். இங்கே வந்து சேரும்போது லட்சக் கணக்கு. அந்த நேரம் பார்த்து யாராவது ஒருவர், "செகண்ட் ஹேண்டில் ஒரு இம்போர்ட்டட் பீஸ் வருகிறது, நேஷனல்ஸ் சுட்டவருடையது, விட்டால் போய்விடும்" என்பார். சீட்டு எடுத்த பணம், பி.எஃப். அட்வான்ஸ், அடகுக்குப் போன வளையல் எல்லாம் அந்த வாரமே ஒன்றுசேர்ந்துவிடும்.

நான் செம்பூர்க்காரன். டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பேத்தியைக் கூட்டிக்கொண்டு ரேஞ்சுக்குப் போகத் தொடங்கி, இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றப் பிள்ளைகளின் துப்பாக்கிகளையும் துடைத்து, சோதித்து, சின்னப் பழுது பார்த்துக் கொடுக்கிறேன். நம்மவர்கள் வாங்கிய பழைய ரைஃபிள்கள் பல என் கைக்கு வந்திருக்கின்றன. வாங்கிய பிறகுதான் வருகின்றன, அதுதான் வருத்தம். பணம் கைமாறும் முன் ஒரு மணி நேரம் செலவிட்டிருந்தால் போதும் என்று ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் என்ன பார்ப்பது என்று சொல்லவே இந்த மடல்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய ஏர் ரைஃபிளுக்கு நீங்கள் கொடுக்கும் விலை இரண்டுக்குத்தான்: அதில் இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம் இருக்கிறது, அது உங்கள் பிள்ளையின் உடம்புக்குப் பொருந்துகிறதா. கம்பெனிப் பெயருக்கும், முன்பு சுட்டவர் வாங்கிய பதக்கத்துக்கும் தனியாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இம்போர்ட்டட் என்றால் விலை இறங்காது என்ற நினைப்பு நம் ஊரில் ஊறிப்போயிருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. வெடிமருந்துத் துப்பாக்கிகளைத் தனியார் இறக்குமதி செய்வதை அரசு 1980களின் நடுவில் நிறுத்தியது. பெயர் பெற்ற போட்டி வீரர்கள் போன்ற சிலருக்கே விலக்கு. அதனால் அதற்கு முன் வந்து சேர்ந்த இங்கிலாந்து, ஜெர்மன் துப்பாக்கிகள் எத்தனை உண்டோ அத்தனைதான் சந்தையில் சுற்றிவருகின்றன. லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் அவற்றுக்குப் போட்டி போட, தாத்தா வாங்கிய விலை பேரன் காலத்தில் பல மடங்காகிவிட்டது. ஏர் ரைஃபிளின் கதை வேறு. அது டீலர்கள் வழியாகவும் வீரர்கள் வழியாகவும் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கிறது. கம்பெனிகளும் சில ஆண்டுக்கு ஒரு புது மாடல் விடுகிறார்கள். ஆகவே பழைய ஏர் ரைஃபிளின் விலை இறங்கத்தான் வேண்டும். "இம்போர்ட்டட் பீஸ், வைத்திருந்தால் விலை ஏறும்" என்று யாராவது சொன்னால், அவர் வேறொரு துப்பாக்கியின் நியாயத்தை இதற்குப் பேசுகிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஜெர்மன் பெயர்களுக்கு மதிப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஃபைன்வெர்க்பாவ் கம்பெனி இருக்கும் ஓபர்ன்டார்ஃப் என்ற சிற்றூர்தான் மாஸர் துப்பாக்கி ஆலையின் ஊர். உலகப் போர் முடிந்ததும் பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஆலையைக் கழற்றிப் போட்டார்கள். வேலை இழந்த பொறியாளர்கள் இருவர், வெஸ்டிங்கர், ஆல்டன்பர்கர் என்பவர்கள், நுண்கருவிப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார்கள். பிறகு ஏர் ரைஃபிள் பக்கம் திரும்பினார்கள். வால்தரும் ஆன்ஷுட்ஸும் கிழக்கே துரிங்கியாவில் இருந்தவை. போருக்குப் பின் உல்ம் நகரத்துக்குக் குடிபெயர்ந்தவை. டூல் ரூமில் மைக்ரோமீட்டர் பிடித்த எவனும் அந்த வேலைப்பாட்டைக் கையில் எடுத்தால் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துக்கொண்டுதான் இருப்பான். ஆனால் நல்ல கம்பெனி செய்த பொருளும் தேயும், துருப்பிடிக்கும், காலாவதியாகும். அதிலும் காலாவதிதான் நம்மவர்கள் கண்ணில் படாமலே போகிறது.

இன்றைய போட்டி ரைஃபிள்களில் பெல்லட்டைத் தள்ளுவது அழுத்தப்பட்ட காற்று. குழலுக்கு அடியில் இருக்கும் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் வரை காற்றை ஏற்றுவார்கள். அந்தச் சிலிண்டரின் மேல் தயாரித்த மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். அந்தத் தேதியிலிருந்து பொதுவாக 10 ஆண்டுதான் அதன் ஆயுள் என்று கம்பெனிகளே சொல்கின்றன. சிலிண்டர் செல்லத்தக்க நிலையில் இருக்க வேண்டியது சுடுபவரின் பொறுப்பு என்பது உலகத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பின் விதி. கருவிச் சோதனையில் தேதியைப் பார்த்தால், காலாவதியான சிலிண்டரோடு போன பிள்ளை லைனில் நிற்கவே முடியாமல் போகலாம். போட்டியை விடுங்கள், 200 பார் காற்று அடைத்த குழாயைப் பிள்ளை கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறது. வீட்டுக்கு வரும் காஸ் சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஏ, பி, சி, டி என்று ஒரு எழுத்தும் ஆண்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறோமே, அதே கண்ணோடு இதையும் பாருங்கள். சிலிண்டரைக் கழற்றி, ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதை விலக்கி, பொறித்த எழுத்தை நீங்களே படிக்க வேண்டும். விற்பவர் வாயால் சொல்வது போதாது.

தாராவியில் தோல் பை தைக்கும் ஒரு தந்தை சென்ற மழைக்காலத்தில் ஒரு ரைஃபிளைக் கொண்டுவந்தார். பளபளவென்று இருந்தது. பெட்டி புதிது, ஸ்டாக்குக்கு நீலப் பெயின்ட் புதிது, இரண்டு சிலிண்டர் வேறு. இரண்டு சிலிண்டர் என்பதே அவருக்குப் பெரிய லாபமாகத் தெரிந்திருக்கிறது. கழற்றிப் பார்த்தால் ஒன்று ஏற்கெனவே காலாவதி. இன்னொன்றுக்கு அடுத்த தீபாவளி வரைதான். குழலுக்குள் வெள்ளை ஃபெல்ட் உருண்டை ஒன்றை விட்டு இழுத்தேன். காரீயக் கறுப்போடுதான் வெளியே வரும் என்று நினைத்தேன். செங்கல் பொடி நிறத்தில் வந்தது. மூன்றாவது உருண்டையும் அதே நிறம். அவர் அந்த உருண்டையை வாங்கி விரலால் தேய்த்துப் பார்த்தார். தோல் வேலைக்காரர், எந்தக் கறை போகும், எது போகாது என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "துரு" என்று அவரே சொன்னார்.

அந்த ஃபெல்ட் சோதனைக்கு ஆகும் செலவு சில ரூபாய். குழலுக்குள் விட்டு வெளியே எடுக்கும்போது சாம்பல் நிறமோ கறுப்போ வந்தால் அது காரீயம், பயமில்லை. பழுப்போ சிவப்போ வந்தால் துரு. நம் ஊர் மழைக்காலக் காற்றில் எஃகு மூன்று மாதம் நனைந்துகொண்டே இருக்கிறது. அதிலும் கோடை விடுமுறைக்குப் பின் படிப்பு, டியூஷன் என்று பரணில் ஏற்றி வைத்த ரைஃபிளுக்குத்தான் ஆபத்து அதிகம். நுரை அடைத்த பெட்டிக்குள் பூட்டி வைப்பது இன்னும் மோசம், நுரை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குழல் முனையின் விளிம்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பெல்லட் கடைசியாகத் தொட்டுப் போகும் இடம் அது. அங்கே சின்ன நசுங்கல் இருந்தாலும் குறி சிதறும்.

இதற்கு மாறாக, "இதில் பத்தாயிரம் ஷாட்தான் போயிருக்கிறது" என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். அதை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெடிமருந்துத் துப்பாக்கியில் சூடும் நெருப்பும் குழலை அரிக்கும். இங்கே நெருப்பே இல்லை. அரை கிராமைச் சற்றுத் தாண்டும் மெத்தென்ற காரீயப் பெல்லட், விநாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் போகிறது. எஃகுக் குழல் அதனால் தேய்வது மிக மிகக் குறைவு. குறைவாகச் சுட்டு அலட்சியமாக வைத்த ரைஃபிளைவிட, தினமும் சுட்டுத் தினமும் துடைத்த ரைஃபிள் நல்லது என்பதை நான் கையில் பார்த்திருக்கிறேன்.

காற்று கசிகிறதா என்று பார்க்க ஒரு இரவு வேண்டும். சிலிண்டரை நிரப்பி, ரைஃபிளில் பூட்டி, அதிலுள்ள மானியின் முள்ளை போனில் படம் எடுத்துவிட்டு மறுநாள் காலை மறுபடி பாருங்கள். முள் இறங்கியிருந்தால் சீல் போயிருக்கிறது. ஓ-ரிங் மாற்றுவது சின்னச் செலவுதான், அதற்காக ஒரு நல்ல ரைஃபிளைத் தள்ளிவிட வேண்டாம். விலையில் குறைத்துக்கொண்டால் போதும். ஒரு இரவு காத்திருக்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கை பம்பில் காற்றடிக்கும் வழக்கம் உள்ளவர் என்றால் இன்னொரு கேள்வி: ஈரம் பிடிக்கும் ஃபில்டர் வைத்திருந்தாரா? மும்பை ஜூலைக் காற்றை அப்படியே 200 பாருக்கு அழுத்தினால் அதிலுள்ள தண்ணீரும் சேர்ந்துதான் உள்ளே போகும்.

பிறகு வேகம். சிலிண்டரிலிருந்து வரும் காற்றை ஒரே அளவாக்கித் தருவது உள்ளே இருக்கும் ரெகுலேட்டர். அது சோர்ந்து போனால் ஒரு ஷாட் வேகமாகவும் அடுத்தது மந்தமாகவும் போகும். பிள்ளை தன் கையைச் சந்தேகப்படும், கோச் மூச்சைத் திருத்துவார், குற்றம் துப்பாக்கியில் இருக்கும். குரோனோகிராஃப் என்ற வேகமானி பல ரேஞ்சுகளில் இருக்கிறது. இருபது ஷாட் விட்டால் வேக வித்தியாசம் விநாடிக்கு இரண்டு மூன்று மீட்டருக்குள் நிற்க வேண்டும். முதல் ஷாட்டை மட்டும், பத்து நிமிடம் சும்மா வைத்திருந்து தனியாகப் பாருங்கள். அது மட்டும் எகிறினால் ரெகுலேட்டரில் காற்று ஊர்கிறது.

கடைசிச் சோதனை குறி. இதைப் பிள்ளையின் கையில் கொடுத்துச் சோதிக்காதீர்கள், ரைஃபிளை மெத்தென்ற துணி வைத்து வைஸில் பிடித்துச் சுடச் சொல்லுங்கள். 10 மீட்டரில் பத்து பெல்லட்டும் ஏறக்குறைய ஒரே ஓட்டையாக விழ வேண்டும். பெல்லட்டின் அளவே 4.5 மில்லிமீட்டர், அதைவிடக் கொஞ்சம் பெரிய ஓட்டை என்றால் சரி. போட்டி அட்டையில் பத்துக்குரிய புள்ளி அரை மில்லிமீட்டர்தான் என்பதை நினைத்துக்கொண்டால் இந்தக் கறார் ஏன் என்று புரியும். 75 நிமிடத்தில் 60 ஷாட், ஒவ்வொன்றும் தசமக் கணக்கில். முழு மதிப்பெண் 654. ஒரே டப்பா பெல்லட்டில் சிதறினால் உடனே ரைஃபிளைக் குறை சொல்லவும் கூடாது. தலை அளவு 4.49, 4.50 என்று நூலிழை வித்தியாசத்தில் பெல்லட்டுகள் வருகின்றன. ஒரு குழலுக்குப் பிடித்தது இன்னொன்றுக்குப் பிடிக்காது. இரண்டு மூன்று வகை போட்டுப் பாருங்கள்.

டயாப்டர் என்னும் பின் சைட்டைப் பலரும் ஒட்டுப் பாகமாக நினைக்கிறார்கள். தனியாக வாங்கினால் அதன் விலை உங்களை உட்கார வைத்துவிடும். விற்பவர் ஒரிஜினல் சைட்டை எடுத்துக்கொண்டு மலிவானது ஒன்றைப் பூட்டித் தருவதும் நடக்கிறது. முதலில் ஒரு ஷாட், குமிழைப் பத்து கிளிக் வலது பக்கம் திருப்பி ஒரு ஷாட், பத்து கிளிக் இடது பக்கம் கொண்டுவந்து இன்னொரு ஷாட். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால் சைட் நன்றாக இருக்கிறது. வராவிட்டால் உள்ளே திருகு தேய்ந்திருக்கிறது. 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய அபினவ் பிந்த்ரா, இறுதிச் சுற்றுக்கு முன் தம் சைட் கலைந்திருந்ததைப் பற்றித் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவருக்கு அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் அனுபவம் இருந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இருக்காது.

டிரிகரை இரண்டு கட்டமாக உணர வேண்டும்: முதலில் லேசாக நகர்ந்து ஒரு சுவரில் முட்டி நிற்கும், பிறகு கண்ணாடித் தண்டு ஒடிவதுபோல் விடும். இடையில் கரகரவென்று இழுத்தால் சுத்தம் செய்தாலே சரியாகலாம். ஆனால் லீவரைச் சற்று வேகமாக மூடும்போதே சுட்டுவிட்டால், அந்த ரைஃபிளை அந்த நிமிடமே கீழே வைத்துவிடுங்கள், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும். லீவர், அச்சு, பின் இவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டலில் காக்கிங் லீவர் உடைந்தது. ரிப்பேர் பார்த்துத் திரும்புவதற்குள் ஏறக்குறைய 20 நிமிடம் போய்விட்டது. 575 எடுத்தும் பன்னிரண்டாவது இடம். இறுதிச் சுற்று இரண்டு புள்ளியில் தவறியது. அவரிடம் இருந்ததே உலகத்தின் முதல்தரக் கருவி. பழைய கருவி வாங்கும் நாம் இன்னும் எத்தனை பங்கு கவனமாக இருக்க வேண்டும்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன்: உடம்புப் பொருத்தம்.

போட்டி ரைஃபிளின் எடை உச்ச வரம்பு 5.5 கிலோ. கடையில் வரும் பெரும்பாலானவை 4 முதல் 5 கிலோ. ஆறடி உயர ஆணுக்காகச் சரிசெய்த ரைஃபிளை நாலே முக்கால் அடிப் பெண்பிள்ளை தூக்கி நின்றால், பின்னுக்கு வளைந்து இடுப்பில் அந்தப் பாரத்தை வாங்கிக்கொள்ளும். நின்று சுடும் முறையே அப்படித்தான், இடது முழங்கை இடுப்பெலும்பில் ஊன்ற வேண்டும் என்பார்கள். சரிதான். ஆனால் ஸ்டாக் நீளமாக இருந்தால் முழங்கை இடுப்புக்கு வராது, தோள் தூக்கிக்கொள்ளும், முதுகுத் தண்டு திருகும். வளரும் வயதில் வாரத்துக்கு நான்கு நாள் இப்படி நின்றால் என்ன ஆகும் என்று ஒரு எலும்பு மருத்துவரைக் கேளுங்கள். ஸ்கோருக்காக முதுகு வலியோடு நிற்கும் பிள்ளைகளைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

ஆகவே பிள்ளை இல்லாமல் ரைஃபிள் பார்க்கப் போகாதீர்கள். சுடும் ஜாக்கெட், ஷூ எல்லாம் போட்டு நிற்க வையுங்கள். பட் பிளேட் தோள் குழியில் படிய வேண்டும். கன்னத்தைச் சீக் பீஸில் சும்மா சாய்த்தால் கண் நேராகச் சைட்டின் ஓட்டைக்கு வர வேண்டும், கழுத்தை நீட்டக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தூக்கி நிற்கச் சொல்லி, பிறகு கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள். குறி அட்டைக்குப் பக்கத்தில் இருந்தால் உடம்பும் ரைஃபிளும் ஒத்துப்போகின்றன. நீளம், உயரம், சாய்வு இவற்றுக்கான திருகுகள் எல்லாம் திரும்புகின்றனவா, இன்னும் எவ்வளவு தூரம் நகர இடம் இருக்கிறது என்று பாருங்கள். இன்று கடைசிப் பள்ளத்தில் நிற்கும் திருகு, பிள்ளை வளர்ந்தால் எங்கே போகும்? இடது கைப் பிள்ளைக்கு வலது கை ரைஃபிள் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிப் பழக்கவும் வேண்டாம்.

பட்ஜெட் குறைவு என்றால், சிலிண்டரே இல்லாத பழைய ஒற்றை அழுத்த ரைஃபிள்களைத் தேடிப் பாருங்கள் என்று துணிந்து சொல்வேன். ஒவ்வொரு ஷாட்டுக்கும் பக்க லீவரை ஒரு முறை இழுத்தால் தேவையான காற்று அதிலேயே அடையும். ஃபைன்வெர்க்பாவ் 600 வரிசை, வால்தர் எல்ஜிஆர் போன்றவை. 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் ஒலிம்பிக்கில் நுழைந்த காலத்தில் இந்த வகைதான் கோலோச்சியது. காலாவதித் தேதி கிடையாது, நிரப்பும் தொட்டி, பம்ப் எதுவும் வேண்டாம். லீவர் இழுக்கக் கையில் பலம் வேண்டும், ஒவ்வொரு முறையும் நிலை கலையும், அது குறைதான். இரண்டு ஆண்டு பழக, மாவட்ட, மாநிலப் போட்டிகளில் நிற்க, நல்ல நிலையில் உள்ள அப்படி ஒன்று, காலாவதியை நெருங்கும் பளபளப்பான ஒன்றைவிட மேல்.

கடையில் "ஜெர்மன் டயானா" என்று கொடுக்கும் ஸ்பிரிங் துப்பாக்கிகளில் பல, டயானா மாதிரியைப் பார்த்து இங்கேயே செய்தவை. அதில் தப்பில்லை, விலை மட்டும் ஜெர்மன் விலையாக இருக்கக் கூடாது. ஜெர்மனியில் விற்க அனுமதித்த, 7.5 ஜூலுக்கு உட்பட்ட ஏர் துப்பாக்கிகளில் ஐங்கோணத்துக்குள் எஃப் என்ற ஆங்கில எழுத்து பொறித்திருக்கும். வெளிநாடுகளுக்கென்று செய்தவற்றில் இல்லாமலும் இருக்கலாம், அதனால் அதை ஒரு தடயமாக மட்டும் வைத்துக்கொண்டு வரிசை எண்ணைப் பாருங்கள். எண்ணை அரத்தால் ராவியிருந்தால் தொடவே வேண்டாம்.

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாக. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி .177 அளவுக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. போட்டி ரைஃபிள் எல்லாம் இதற்குள் அடங்கும். ஆனாலும் வரிசை எண் குறித்து விற்பவர் கையெழுத்திட்ட ரசீதும், முதன்முதலில் இறக்குமதி ஆனபோது போட்ட பில்லின் நகலும் வேண்டும். போட்டி வீரர் என்ற முறையில் சுங்கச் சலுகையோடு வந்தது என்றால் மறுவிற்பனைக்கு நிபந்தனை உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். லோக்கலில் ரைஃபிள் பெட்டியோடு போகும் பிள்ளையிடம் அந்த ரசீதின் நகலும் கிளப் அடையாள அட்டையும் எப்போதும் இருக்கட்டும். .22 ரைஃபிள் என்றால் முற்றிலும் வேறு கதை. அதற்கு லைசென்ஸ் வேண்டும், மும்பையில் அதைத் தருவது போலீஸ் கமிஷனர் அலுவலகம். அந்தப் பேச்சைப் பிள்ளை சில ஆண்டு சுட்ட பிறகு எடுத்தால் போதும்.

விலை பேசுவது எப்படி? ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். 1,60,000 ரூபாய் கேட்கிறார். சிலிண்டர் இரண்டு, ஒன்று காலாவதி, இன்னொன்றுக்கு ஓராண்டு பாக்கி. புதுச் சிலிண்டர் ஒன்று வரி, அனுப்பும் செலவு எல்லாம் சேர்ந்து 30,000 ரூபாயைத் தொடும் என்றால், இரண்டு சிலிண்டரின் விலை 60,000 அதில் இல்லை என்று எழுதிக் கழியுங்கள். சீல் செட், சர்வீஸுக்கு ஒரு தொகை கழியுங்கள். அந்த மாடலைக் கம்பெனி நிறுத்திவிட்டதா, உதிரிப் பாகம் இன்னும் தருகிறார்களா என்று கேட்டு, தரவில்லை என்றால் இன்னும் கழியுங்கள். பெயின்ட், புதுப் பெட்டி, ஓசியாகத் தரும் பழைய ஜாக்கெட் எதற்கும் எதையும் கூட்ட வேண்டாம். மிஞ்சும் தொகைதான் அந்த எஃகின் விலை. அதைக் காகிதத்தில் எழுதி அவர் முன் வையுங்கள். நியாயமானவர் உட்கார்ந்து பேசுவார். விற்பவரும் கோச்சும் ஒருவரே என்றாலோ, கோச் வழியாகத்தான் பேச வேண்டும் என்றாலோ, சம்பந்தமில்லாத மூன்றாம் ஆளை ஒருமுறை பார்க்கச் சொல்வதில் அவமரியாதை எதுவும் இல்லை.

ககன் நாரங்குக்கு ரைஃபிள் வாங்க அவர் தந்தை நிலத்தை விற்றார் என்ற செய்தியைப் படித்துவிட்டு என்னிடம் சொல்லாத பெற்றோர் குறைவு. சென்னையில் பிறந்த பிள்ளை, 2012இல் லண்டனில் வெண்கலம். மனசைத் தொடும் கதைதான். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், நம் பிள்ளைகளைப் போலவே வெளி மாநிலத்தில் வளர்ந்த தமிழ்ப் பெண், 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியதையும் சொல்வார்கள். சுமா ஷிரூர் 2004இல் கோலாலம்பூரில் 400க்கு 400 சுட்டு உலக சாதனையைச் சமன் செய்தார். அவர் நடத்தும் பயிற்சிக்கூடம் இதோ பன்வேலில் இருக்கிறது. வொர்லி ரேஞ்சில் சஞ்சய் சக்ரவர்த்தி என்ற பயிற்சியாளர் அஞ்சலி பாகவத் போன்றவர்களை உருவாக்கியதும் இந்த ஊரில்தான். இவர்களைப் பார்த்து நம் பிள்ளைகள் ஆசைப்படுவது எனக்கு மகிழ்ச்சி. ஆனால் நிலத்தை விற்றும் பதக்கம் வராத வீடுகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. முதல் சீசன் முழுக்கக் கிளப் ரைஃபிளில் சுடட்டும். மழைக்காலம் தாண்டியும், பரீட்சை தாண்டியும் பிள்ளை ரேஞ்சுக்குப் போக அடம் பிடித்தால் அப்போது வாங்குங்கள்.

இரண்டு குடும்பம் சேர்ந்து ஒன்று வாங்கலாமா என்று சிலர் கேட்டார்கள். ஒரே உயரம், ஒரே கைப்பழக்கம் உள்ள பிள்ளைகள், வெவ்வேறு நேரத்தில் பழகுகிறார்கள் என்றால் தாராளமாக. திருகு அளவுகளை நோட்டில் குறித்து வைத்தால் மாற்றிக்கொள்வது ஐந்து நிமிட வேலை. ஜாக்கெட்டின் பட்டை, பக்கிள், தோல் ஒட்டு இவற்றுக்குப் புதிது வாங்கிச் செலவழிக்க வேண்டாம். தாராவியில் நம் ஆட்களே அருமையாகத் தைத்துக் கொடுக்கிறார்கள். விதியில் சொன்ன 2.5 மில்லிமீட்டர் தடிமனை மட்டும் தாண்டக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள்.

இன்னொரு வேண்டுகோள், இது ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்களுக்கு. பத்தாம் வகுப்போ கல்லூரியோ வந்து பிள்ளை சுடுவதை விட்டுவிட்டால், ரைஃபிளைப் பரணில் ஏற்றாதீர்கள். சிலிண்டரின் ஆயுள் அங்கேயும் ஓடிக்கொண்டிருக்கும், குழலும் துருவேறும். அந்த மாதமே விற்றுவிடுங்கள், முடிந்தால் நம் பகுதியில் பழகும் இன்னொரு பிள்ளைக்கு. விற்கும்போது சிலிண்டர் தேதி, மாற்றிய சீல், உடைந்து ஒட்டிய பாகம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வாங்க வருபவர்கள் சோதித்துப் பார்க்க ஞாயிறு காலையில் கொண்டுவந்தால் ஃபெல்ட் உருண்டையும் வேகமானியும் நான் எடுத்து வைத்திருப்பேன். பெல்லட் டப்பாவை மட்டும் அவரவர் கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
செம்பூரிலிருந்து ஒரு தாத்தா